மரத்தின் எடையும் உயிரியல் வகுப்பும்

1997இல் ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையம் 'மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்' என்றொரு ஆவணப்படத் தொடரைத் தயாரித்தது. எம்.ஐ.டி., ஹார்வர்டு போன்ற இடங்களில் பட்டம் வாங்கிய கையோடு அங்கியும் தொப்பியுமாக நிற்கிற இளைஞர்களிடம் ஒரு விதையையும் ஒரு மரக்கட்டையையும் காட்டிக் கேள்வி கேட்கும் காட்சி அதில் வருகிறது. இத்தனூண்டு விதை இவ்வளவு பெரிய மரமாயிற்றே, இந்தக் கனமெல்லாம் எங்கிருந்து வந்தது? மண், தண்ணீர், தாதுச்சத்து என்று பதில்கள் வருகின்றன. பெரும்பங்கு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது என்று எடுத்துச் சொன்னாலும் நம்பத் தயங்குகிறார்கள். காற்றுக்கு ஏது அவ்வளவு கனம்?

அவர்கள் யாரும் ஒளிச்சேர்க்கையைப் படிக்காதவர்கள் அல்லர். நம் ஊரிலும் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை எழுப்பிக் கேட்டால் சமன்பாட்டைத் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடும். ஆறு கார்பன் டை ஆக்சைடு, ஆறு தண்ணீர், சூரிய ஒளி, பச்சையம். கிடைப்பது ஒரு குளுக்கோஸ், ஆறு ஆக்சிஜன். அதே பிள்ளையிடம் வாசலில் நிற்கும் வேப்பமரத்தைக் காட்டி இது எதனால் ஆனது என்று கேளுங்கள். வேர் மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சித்தான் மரம் பருத்தது என்ற பதிலே பெரும்பாலும் வரும். சமன்பாடு தேர்வுத்தாளுக்கு, மண் வாழ்க்கைக்கு என்று இரண்டும் ஒரே மண்டைக்குள் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன. உயிரியல் கற்பிக்கும் முறைகளைப் பற்றி எத்தனையோ பேசலாம். கணினித் திரை, முப்பரிமாண மாதிரி, விளையாட்டு, பாட்டு என்று புதிது புதிதாக வந்துகொண்டும் இருக்கின்றன. ஆனால் ஒரு முறை தேறுமா தேறாதா என்பதற்கு என்னிடம் உள்ள உரைகல் ஒன்றுதான்: அந்த இரண்டையும் அது மோதவிடுகிறதா?

மோதலுக்கு வேண்டிய கணக்கு அந்தச் சமன்பாட்டிலேயே இருக்கிறது. குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. அதில் கார்பன் 72, ஆக்சிஜன் 96, ஹைட்ரஜன் 12. கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது. வெளியேறும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து பிரிந்தது என்பதை 1941இல் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் அவர்களுடைய சகாக்களும் கன ஆக்சிஜனைக் கொண்டு காட்டினார்கள். ஆகவே குளுக்கோஸில் தங்கும் ஆக்சிஜனும் காற்றின் கணக்கில்தான் சேரும். தண்ணீர் கொடுப்பது ஹைட்ரஜனை மட்டும். 180 கிராம் குளுக்கோஸில் 168 கிராம், அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு, காற்றில் மிதந்த பொருள். இந்தக் கூட்டலுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் உயிரியல் பீரியடில் இதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. மூலக்கூறு எடை வேதியியல் பாடம். அதற்குப் பீரியடும் நோட்டும் வேறு.

கையோடு இன்னொரு கணக்கையும் போட்டுவிடலாம். இன்றைய காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் ஏறக்குறைய 420 பங்கு. ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள கார்பன் சுமார் 0.2 கிராம். இருபதடிக்கு இருபதடி, பத்தடி உயரமுள்ள வகுப்பறை என்றால் அதன் காற்று முழுவதிலும் 23 கிராம் தேறும். காய்ந்த விறகில் ஏறத்தாழப் பாதி கார்பன். ஆக, ஒரு கிலோ விறகு உருவாக இருபதுக்கும் மேற்பட்ட வகுப்பறைகளின் காற்றிலுள்ள கார்பனை மரம் ஒட்டத் துடைத்து எடுத்திருக்க வேண்டும். காற்றுக்கு ஏது கனம் என்ற கேள்வி நியாயமானதுதான். கனம் கொஞ்சம், காற்று நிறைய என்பதுதான் அதற்குப் பதில்.

பிள்ளை 'மண்' என்று சொல்வதை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. அதற்குப் பின்னால் கண்ணால் கண்ட சான்று இருக்கிறது. அப்பா வயலுக்கு எருவடிக்கிறார், யூரியா போடுகிறார், டி.ஏ.பி. தெளிக்கிறார், போட்ட வயல் செழிக்கிறது, போடாத வயல் வெளிறுகிறது. இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை பயிர் மண்ணைச் சாப்பிடுகிறது என்று நினைக்காமல் இருந்தால்தான் வியப்பு. அரிஸ்டாட்டிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார். மாணவர் ஏற்கெனவே அறிந்திருப்பது எது என்பதுதான் கற்றலில் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணி என்று உளவியலாளர் டேவிட் ஆசுபெல் 1968இலேயே வற்புறுத்தினார். ஒளிச்சேர்க்கை பற்றி மாணவர்கள் கொண்டுள்ள தவறான கருத்துகள் பல, அறிவியல் வரலாற்றில் பெரிய மனிதர்கள் கொண்டிருந்த கருத்துகளோடு ஒத்துப்போவதை ஜேம்ஸ் வாண்டர்சி 1986இல் எடுத்துக்காட்டினார். என் பார்வையில் ஆசிரியருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. பாடப்புத்தகம் 'பொருத்துக' பகுதிக்கு ஒதுக்கிவிட்ட பழைய பெயர்களெல்லாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வாதங்களாகவே திரும்பி வரும்.

அந்தப் பெயர்களில் முதலாவது வான் ஹெல்மாண்ட். பிரஸ்ஸல்ஸ்காரர். உலையில் காயவைத்த 200 பவுண்டு மண்ணைத் தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டார். மழைத்தண்ணீரோ வடித்த தண்ணீரோ மட்டும் ஊற்றினார். வெளித்தூசி விழாமல் துளையிட்ட தகரத்தால் மண்ணை மூடினார். ஐந்து ஆண்டு கழித்து மரத்தின் எடை 169 பவுண்டு 3 அவுன்ஸ். நான்கு இலையுதிர் காலங்களில் கொட்டிய இலைகளை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தார். வகுப்பில் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட வேண்டும். மண் எவ்வளவு குறைந்திருக்கும் என்று ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் ஓர் எண்ணை எழுதட்டும். பக்கத்துப் பையனைப் பார்த்து மாற்றக் கூடாது. எழுதியதை அழிக்கவும் கூடாது. நூறு என்று எழுதுபவர் உண்டு, ஐம்பது என்று எழுதுபவரும் உண்டு. உண்மையில் குறைந்தது இரண்டு அவுன்ஸ், சுமார் 57 கிராம். மரத்தில் கூடிய எடையோ 74 கிலோ.

இனி மண் என்று யாராலும் சொல்ல முடியாது. "அப்போ தண்ணிதான் சார்" என்று ஒரு குரல் வரும். வான் ஹெல்மாண்டும் அதையே சொன்னார். அவர் செய்தது தண்ணீர் மட்டும் உள்ளே போகும் சோதனை என்பதால் அவருக்கு வேறு முடிவு தோன்றவில்லை. இதில் ஒரு விநோதம் உண்டு. 'கேஸ்' என்ற பெயரையே உலகுக்குக் கொடுத்தவர் இவர். 62 பவுண்டு ஓக் மரக்கரியை எரித்தால் ஒரு பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மீதி 61 பவுண்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவாகப் போய்விடுகிறது என்று கணக்கெழுதியவரும் இவரே. அந்த வாயுதான் நாம் கார்பன் டை ஆக்சைடு என்பது. மரம் வாயுவாகப் போவதைக் கண்டவருக்கு, வாயு மரமாக வந்திருக்கலாம் என்று தோன்றவில்லை. அவர் இறந்தபின் 1648இல் வெளிவந்த ஒரே நூலில் இரண்டு சோதனைகளும் இருக்கின்றன.

பிள்ளைகள் கையில் பொருளைக் கொடுத்துவிட்டால் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்று நம்புகிறவர்களுக்கு இந்த விநோதம் நல்ல மருந்து. ஐரோப்பாவின் மிகக் கூரிய மூளைகளில் ஒன்று ஐந்து ஆண்டு உழைத்தும் தவறவிட்டதை, எட்டாம் வகுப்புப் பிள்ளை நாற்பது நிமிடத்தில் பிடித்துவிடாது. வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் முறைகள் புதிதாகக் கற்பவருக்கு உதவுவதில்லை என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது. அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் சோதனை தானாகப் பேசாது என்ற மட்டில் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. எந்த நேரத்தில் என்ன கேட்பது, எப்போது அடுத்த தகவலைக் கொடுப்பது என்று தெரிந்த ஒருவர் நடுவில் நிற்க வேண்டும்.

நம் பள்ளிகளில் நடப்பது இதற்கு நேர் எதிரான கோளாறு. வழிகாட்டல் இங்கே அளவுக்கு மீறிவிட்டது. பாடம் முதலில், செய்முறை பின்னால். முடிவு ரெக்கார்டு நோட்டில் முன்கூட்டியே எழுதியாயிற்று. ஸ்டார்ச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். தொட்டிச் செடியை ஓரிரு நாள் இருட்டில் வைத்து, இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத்தாளால் மறைத்து, வெயிலில் வைத்து, பறித்து, கொதிநீரில் முக்கி, பிறகு ஸ்பிரிட்டில் போட வேண்டும். ஸ்பிரிட் பீக்கரை நேராகத் தீயில் காட்டாமல் கொதிக்கிற தண்ணீருக்குள் இறக்கி வைப்பார்கள். பச்சை முழுவதும் ஸ்பிரிட்டில் இறங்கி, இலை வெளுத்து, அப்பளம்போல் மொடமொடக்கும். வெந்நீரில் அலசி, தட்டில் விரித்து, அயோடின் விட்டால் வெயில் பட்ட இடம் கருநீலம். அழகான சோதனை. ஆனால் இது எந்தப் பிள்ளையின் எந்த எண்ணத்தோடும் மோதுவதில்லை. வெளிச்சம் இல்லாவிட்டால் செடி சோர்ந்துபோகும் என்பது அதற்கு முன்பே தெரியும். நீலம் வந்தது, 'முடிவு: ஒளிச்சேர்க்கைக்கு ஒளி தேவை' என்று எழுதியாயிற்று. மண்ணைத் தின்னும் மரம் உள்ளே அப்படியே நிற்கிறது.

அதே அயோடின் புட்டியை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். வெங்காயத்தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நல்ல பச்சை, நாள் முழுக்க வெயிலில் நின்றது. நீலம் வருமா? வரும் என்றுதான் வகுப்பு முழுக்கக் கை தூக்கும். வராது. வெங்காய இலை தன் உணவை ஸ்டார்ச்சாகச் சேர்த்துவைப்பதில்லை. சர்க்கரை வகைகளாகவே வைத்துக்கொள்கிறது. அப்படியானால் நாம் இத்தனை நாளும் சோதித்தது ஒளிச்சேர்க்கையையா, ஸ்டார்ச்சையா? சிவப்புத் தண்டுக்கீரையும் இப்படித்தான். இலை சிவப்பாக இருக்கிறதே, அதற்கு ஒளிச்சேர்க்கை உண்டா என்று கேட்டு, பதிலை எழுதவைத்து, பிறகு கீரையை வேகவைத்துப் பாருங்கள். தண்ணீரில் சிவப்பு இறங்கியதும் அடியில் ஒளிந்திருந்த பச்சை வெளியே தெரியும். அடுப்படியில் தினமும் நடப்பதுதான்.

முதலில் ஊகித்து எழுது, பிறகு செய்து பார், பிறகு ஊகத்துக்கும் கண்டதற்கும் உள்ள இடைவெளியை விளக்கு: இந்த வரிசையை ரிச்சர்டு ஒயிட், ரிச்சர்டு கன்ஸ்டோன் என்ற இருவர் 1992இல் எழுதிய நூலின் வழியாகப் பல நாட்டு ஆசிரியர்கள் கற்றுக்கொண்டார்கள். பார்க்க அற்பமான மாற்றம்தான். செலவும் கிடையாது. ஆனால் எழுதிக்கொடுத்துவிட்ட ஊகம் ஒருவனைப் பந்தயம் கட்டியவன் ஆக்கிவிடுகிறது. வேடிக்கை பார்க்க வந்தவனுக்கு முடிவு எப்படி இருந்தாலும் கவலையில்லை. பந்தயம் கட்டியவனால் அப்படி இருக்க முடியாது.

இந்த முறைக்கு நான் கண்டவற்றுள் மிகச் சிறந்த கேள்வி முள்ளங்கி விதை பற்றியது. டயான் எபர்ட்-மேயும் சகாக்களும் 2003இல் 'பயோசயின்ஸ்' இதழில் எழுதியது. தலா 1.5 கிராம் விதை, மூன்று தட்டுகள். ஒன்று வெளிச்சத்தில், தண்ணீர் இல்லாமல். இரண்டாவது வெளிச்சத்தில், தண்ணீரோடு. மூன்றாவது இருட்டில், தண்ணீரோடு. ஒரு வாரம் கழித்து எல்லாவற்றையும் உலர்த்தி நிறுத்தால் எது அதிகம், எது குறைவு? வெளிச்சமும் தண்ணீரும் பெற்றது 1.63 கிராம். முளைக்காமல் கிடந்த விதை 1.46. இருட்டில் முளைத்தது 1.20. இருட்டில் முளைத்தவை நெடுநெடுவென்று வளர்ந்திருந்தும், முளைக்கவே முளைக்காத விதையைவிட எடை குறைந்துபோயின. கல்லூரி மாணவர்களே தடுமாறிய இடம் இது.

நமக்கு இதற்கு முள்ளங்கி தேவையில்லை, முளைப்பாரி இருக்கிறது. மதுரை, இராமநாதபுரம் பக்கத்தில் அம்மன் திருவிழாவுக்கு நவதானியத்தை ஓட்டிலோ பானையிலோ தூவி, வெயில் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். பத்து நாளுக்குள் வெளிர்மஞ்சளாக, அடர்த்தியாக, சாண் உயரத்துக்கு மேல் எழுந்து நிற்கும். அதைத் தலையில் சுமந்து போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் கேட்க வேண்டியது இதுதான்: இவ்வளவு வளர்ந்திருக்கிறதே, இதைக் காயவைத்து நிறுத்தால் நாம் போட்ட தானியத்தைவிடக் கூட இருக்குமா, குறைய இருக்குமா? வகுப்பில் பாசிப்பயறு போதும். இரண்டு பங்கைச் சம எடையில் எடுத்து ஈரத்துணியில் முளைக்கவிட்டு, ஒன்றை ஜன்னலோரத்திலும் ஒன்றை மூடிய அட்டைப்பெட்டியிலும் வைக்க வேண்டும். பத்து நாள் கழித்து இரண்டையும் வேரோடு எடுத்து, மொறுமொறுவென்று ஆகும்வரை நன்றாகக் காயவைத்து நிறுக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் கணக்கே கெட்டுவிடும் என்பதால் இதில் மட்டும் பொறுமை வேண்டும். வேதியியல் ஆய்வகத் தராசு கிடைத்தால் நல்லது. நகைக்கடைத் தராசு போன்ற சிறிய டிஜிட்டல் தராசும் போதும்.

பெட்டிக்குள் வளர்ந்தது எடை குறைந்திருக்கும். குறைந்தது எங்கே போயிற்று? தண்ணீர் விட்டோம், வேறெதையும் எடுக்கவில்லை. இங்கேதான் சுவாசம் என்ற பாடம் முதல்முறையாக எடையோடு நிற்கிறது. விதைக்குள் இருந்த மாவை எரித்துத்தான் தண்டு நீண்டது. எரிந்த கார்பன் காற்றில் கலந்தது. காற்று உள்ளே வந்து எடையாகும் என்பதை நம்பாத பிள்ளை, எடை காற்றாக வெளியேறியதைத் தராசில் பார்த்துவிட்டது. மறுவழியும் இருக்கலாம் என்று ஒப்ப அதற்கு இனி அதிக தூரம் இல்லை.

செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும் என்ற இன்னொரு பிடிவாதமான எண்ணமும் இதில் ஆட்டம் காணும். இரவில் புளியமரத்தடியில் படுக்காதே என்பதற்குப் பேயை விரட்டிவிட்டுக் கார்பன் டை ஆக்சைடைக் குடிவைத்த 'அறிவியல் விளக்கம்' நம் ஊரில் ரொம்பப் பிரபலம். திறந்தவெளியில் இலைகள் விடும் அந்த வாயு கலைந்து போய்விடும். ஆளை மூச்சடைக்க வைக்குமளவுக்குத் தேங்காது. செடி இரவும் பகலும் சுவாசிக்கிறது. ஒரே இலை ஒளிச்சேர்க்கை செய்வதையும் சுவாசிப்பதையும் காட்ட இலைவட்டச் சோதனை உண்டு. பாலக் கீரை இலையை ஸ்ட்ராவால் அழுத்திச் சிறு வட்டங்களாக எடுத்து, ஊசியில்லாத மருந்துக்கடை சிரிஞ்சுக்குள் போட்டு, ஒரு சிட்டிகை ஆப்பசோடாவும் ஒரு சொட்டு சோப்பும் கலந்த தண்ணீரை உறிஞ்ச வேண்டும். முனையை விரலால் அடைத்துக்கொண்டு பின்தண்டை இழுத்துவிட்டால், இலைக்குள் இருக்கும் காற்று வெளியேறி அந்த இடத்தில் கரைசல் புகும், வட்டங்கள் மூழ்கும். டம்ளரில் கொட்டி வெயிலில் வைத்தால் ஓரங்களில் பொடிப்பொடியாகக் குமிழ் கட்டி, சில நிமிடங்களில் ஒவ்வொன்றாக மேலே எழும். "டீச்சர், என்னோடது மூணு வந்திருச்சு!" என்று கூச்சல் கிளம்பும். அதே டம்ளரை இருட்டில் மூடி வைத்தால், சேர்ந்த ஆக்சிஜனை இலையே செலவழித்து, வட்டங்கள் மெல்லத் திரும்ப மூழ்கும். ஹைட்ரில்லாவும் புனலும் சோதனைக்குழாயுமாக வைக்கும் பழைய அமைப்பில் சேரும் வாயு சுத்தமான ஆக்சிஜன் அல்ல என்பதால் தணல்குச்சி பல நேரம் பற்றாது. பற்றியதாக ரெக்கார்டில் எழுதிக்கொள்ளும் பழக்கம் அதனால் வந்ததுதான். இலைவட்டத்தில் அந்தப் பொய்க்கு அவசியமில்லை.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று ஆசிரியர் கேட்பார். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. நேரத்தைத் தின்பது பாடத்தின் நீளம் மட்டுமல்ல, தேர்வும்தான். இந்தியாவில் இதை நன்றாகப் புரிந்துகொண்டு செயல்பட்டது மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். கிஷோர் பாரதியும் ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டரும் சேர்ந்து 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது, 1978இல் மாவட்டம் முழுவதற்கும் பரவியது; 1982 முதல் ஏகலவ்யா அமைப்பு அதை முன்னெடுத்தது. அவர்கள் சோதனைப் பெட்டியையும் பாடநூலையும் மாற்றியதோடு நிற்கவில்லை. தேர்வையும் மாற்றினார்கள்: புத்தகத்தைப் பார்த்து எழுதலாம், செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. 2002இல் மாநில அரசு திட்டத்தை மூடியது. முப்பதாண்டு அது தாக்குப்பிடித்ததற்குத் தேர்வை மாற்றியது ஒரு முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன். 'ஒளிச்சேர்க்கையை வரையறு' என்று கேட்கும் வினாத்தாள் இருக்கும்வரை, பயறை நிறுக்கிற ஆசிரியர் மேலதிகாரியின் கண்ணுக்கு நேரத்தை வீணடிப்பவர்தான். முளைப்பாரி கேள்வியையே ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டுவிட்டால், கைடு போடுகிறவர்கள்கூட ஒரு வருடத்தில் பயறு வாங்கப் போவார்கள். அடுத்த வருடம் அதற்கும் விடையை மனப்பாடமாக்கி அச்சிட்டுவிடுவார்கள் என்பதும் உண்மை. அப்போது கேள்வியில் பயறுக்குப் பதில் உருளைக்கிழங்கை வைக்க வேண்டியதுதான்.

மாணவர் வாய்திறந்து பங்கேற்கும் வகுப்புகள் வெறும் விரிவுரையைவிட மேல் என்பதற்கான சான்று இப்போது தாராளமாக இருக்கிறது. ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரை வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 சதவீதமாகவும் பங்கேற்பு வகுப்புகளில் 21.8 சதவீதமாகவும் இருந்தது. அவை கல்லூரி வகுப்புகள். ஐம்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் நம் ஒன்பதாம் வகுப்புக்கு அந்த எண்களை அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஆனால் ஹார்வர்டு இயற்பியல் வகுப்பில் லூயி டெலோரியே குழுவினர் 2019இல் கண்டது நம் ஆசிரியர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன். பங்கேற்பு வகுப்பில் மாணவர்கள் கூடுதலாகக் கற்றார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரை எல்லாம் புரிந்துவிட்டது போன்ற மயக்கத்தைத் தருகிறது. தன் ஊகம் பொய்த்து, விழித்து, குழம்பிப்போகும் வகுப்பு அந்தச் சுகத்தைத் தருவதில்லை.

"டீச்சர் பாடமே நடத்துறதில்லை, கேள்வியா கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்று பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லும். அப்பா பள்ளிக்கு வருவார். டெலோரியே குழுவினர் இதற்குச் சொல்லும் யோசனை எளியது: இந்த முறை ஏன் கடினமாகத் தோன்றும், ஆனாலும் ஏன் பலன் தரும் என்பதைத் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் விளக்கிவிட வேண்டும்; சீக்கிரமே ஒரு தேர்வு வைத்துத் தாங்கள் எவ்வளவு கற்றோம் என்பதை அவர்களே பார்க்கும்படி செய்ய வேண்டும். நம் ஊரில் அந்த விளக்கத்தை ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்திலும் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது. வரும் அப்பாவிடம் பிள்ளையின் நோட்டைக் காட்டலாம். மண் நூறு பவுண்டு குறையும் என்று முதல் வாரம் எழுதியதும், அதைப் பிள்ளையே அடித்துவிட்டுக் கீழே எழுதிய கணக்கும் அதில் இருக்கும்.